பூச்சியத்துக்கு மடக்கை இல்லை

என் அன்பு மகனே,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எடுத்தேன். முதல் தடவை நீ பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தாய். அடுத்த தடவை உன் புது அலுவலகத்தில் யாரோ உனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவையும் "பேந்து கதைக்கிறன் அம்மா" என்றாய், நானும் சரி என்று வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு மனம் இளகிவிடும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும், எடுக்கட்டும். பனியிலும் மழையிலும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவளுக்கு இந்த அளவு பலனாவது கிடைக்க வேண்டும். விளங்காத இடத்தில் நின்று திரும்ப வாசி. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்.

நீ விட்டுவிட்டுப் போன ஆய்வேடு அப்பாவின் மருந்துகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன். மொன்றியல் தமிழர்களுக்கு வருமானம் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று என் மகன் கண்டுபிடித்திருக்கிறான் என்று பெருமை பேசினால், மேல்வீட்டு அம்மா மட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உதைக் கண்டுபிடிக்க உவ்வளவு பக்கமோ, என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்கிறார். அவர் சொல்வதைப் பெரிதாக எடுக்காதே. நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு கோடையை இதற்குக் கொடுத்தாய்.

ரிக்ரெஷன் என்ற சொல்லை உன் வாயால்தான் முதலில் கேட்டேன். என்ன அது என்று கேட்டதற்குப் புள்ளி புள்ளியாகக் குத்தி நடுவில் ஒரு கோடு கீறிக் காட்டினாய். எனக்கு ஏறவில்லை. பிறகு நானே அதைச் சமையலறைக்குள் கொண்டுபோய் விளங்கிக்கொண்டேன். ஒரு குழம்பு ருசியாக வந்தால் அது புளியாலா, உப்பாலா, வெங்காயம் வதங்கிய பதத்தாலா என்று அந்த ஒரு சட்டியை வைத்துச் சொல்ல முடியாது. பல வீட்டுக் குழம்பைச் சுவைத்து, எதில் எது எவ்வளவு என்று குறித்து வைத்தால், புளியின் பங்கு இவ்வளவு, உப்பின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். உன் கணக்கும் அதுதான். படித்த வருடங்கள், வயது, பிரெஞ்சு தெரியுமா, எப்போது வந்தவர், ஆணா பெண்ணா, இவையெல்லாம் கலந்து கிடக்கிற ஒருவரின் வருமானத்தில் ஒவ்வொன்றின் பங்கையும் தனியாகப் பிரித்தெடுக்கிறாய். நான் இப்படிச் சொன்னதும் உன் பேராசிரியரைவிட நன்றாகச் சொல்கிறேன் என்றாய். ஐஸ் வைக்கிறாய் என்று தெரிந்தும் அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஒன்று மட்டும் அப்போதே தொண்டையில் நின்றது. மற்றதெல்லாம் மாறாமல் இருக்க, படிப்பு மட்டும் ஒரு வருடம் கூடினால் வருமானம் எவ்வளவு கூடும் என்று நீ வாய்க்கு வாய் சொல்வாய். எந்த வீட்டில், என் அப்பனே, மற்றதெல்லாம் மாறாமல் இருக்கிறது? ஒருவர் படிக்கப் போனால் இன்னொருவர் அடுப்பைப் பார்க்கிறார், மற்றவர் இரட்டை வேலை செய்கிறார், சின்னது ஒன்று தானாகச் சோறு போட்டுச் சாப்பிடப் பழகுகிறது. கணக்குக்காக அப்படி வைத்துக்கொள்வது என்று நீ பொறுமையாகச் சொன்னாய். சரி என்று விட்டேன்.

உன் ஆய்வுக்கான கேள்வித் தாள்களை நிரப்ப வீடு வீடாகப் போனோமே, எனக்கு அது பிடித்திருந்தது. உன் தமிழைக் கேட்டால் ஆட்கள் கன்னத்தைக் கிள்ளுவார்களே தவிரச் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். நகரத்தின் ஓரத்தில் இருக்கிற இல்-பிசாருக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வராத பேருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து அந்தப் பெரிய வீட்டு அண்ணையிடம் போய்ச் சேர்ந்தோம். படிப்பைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்தில் படித்தது, கொழும்பில் தொடங்கி விட்டது, இங்கே வந்து மாலை வகுப்புக்குப் போனது எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார். வருமானம் என்றதும் குரல் இறங்கிவிட்டது. "ஏதோ சீவிக்கிறம் தம்பி" என்றார். வாசலில் நின்ற இரண்டு காரையும் நாங்கள் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தோம். எங்கள் சனம் படிப்பைக் கூட்டிச் சொல்லும், உழைப்பைக் குறைத்துச் சொல்லும், உன் கோடு எங்கே போய் நிற்கப் போகிறதோ என்று வரும் வழியில் சொன்னேன். அதற்கும் உன் பாடத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றாய். உங்கள் பாடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

கர்க்லாண்டில் பார்த்த தமிழ்நாட்டுப் பொடியன் அதற்கு நேர் எதிர். கணினி நிறுவனத்தில் வேலை. கைப்பேசியைத் திறந்து சம்பளத்தைச் சதம் வரை வாசித்துக் காட்டினான். அவன் மனைவியும் அவனோடு ஒரே கல்லூரியில் ஒரே பாடம் படித்தவள். இடுப்பில் குழந்தை. பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரியில் இடம் கிடைக்கவில்லை, கிடைத்தால்தான் வேலை தேடலாம் என்றாள். அவளுடைய தாளில் வருமானம் என்ற இடத்துக்கு வந்ததும், "எனக்கு ஜீரோன்னு போட்டுக்கங்க தம்பி" என்றாள். நீ போட்டாய். நான் அந்தக் குழந்தையின் காலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சியம் எங்கே போய் விழும் என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டுத் தாள்களைத்தான் நீ எல்லோருக்கும் முதல் நிரப்பினாய். அப்பாவுக்கு வயது கூடிவிட்டது என்று அவருக்குத் தாள் இல்லை. எனக்கு ஒன்று, உன் அக்காவுக்கு ஒன்று. அது மட்டுமா? சேர்த்த தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றும்போது அவள்தான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள், நீ தட்டச்சு செய்தாய். அப்பாவுக்கும் பொழுது போனது. தெரிந்த ஆட்களின் தாள் வந்தால் ஒரு பக்கம் கோணிய அந்த வாயால் சிரித்தார். பெயர் எழுதாத தாளில் ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று நீ இருவரையும் அதட்டினாய். அக்கா தன் தாளையும் அப்படித்தான் வாசித்திருப்பாள். எத்தனை வருடம் படித்தாள், பிரெஞ்சு எவ்வளவு தெரியும், வருமானம் எவ்வளவு என்று.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ புது வேலைக்காக ஒட்டாவாவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள். அக்கா காலையிலேயே போய் நண்டு வாங்கிவந்து உனக்குப் பிடித்த மாதிரி முருங்கையிலை போட்டுச் சமைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் நீ ஆய்வேட்டைத் திறந்து அந்தப் புள்ளிப் படத்தைக் காட்டினாய். அக்கா அப்பாவுக்குச் சோற்றை மசித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இதிலை நான் எந்தப் புள்ளி?" என்று கேட்டாள்.

"நீ இதிலை இல்லை அக்கா. வருமானத்துக்கு லொக் எடுத்துத்தான் போடுறது. சீரோவுக்கு லொக் இல்லைத்தானே. அந்தத் தாளெல்லாம் கொம்பியூட்டரே எடுத்துப்போடும்."

"ஒரு டொலரைக் கூட்டிப் போட்டால் வருவன்தானே?"

"அப்பிடிச் செய்யிறவையும் இருக்கினம். ஆனால் முடிவு மாறிப்போம்."

"மாறட்டுமே" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீயும் சிரித்தாய், முதல் பக்கத்தைத் திருப்பி அவளுக்கு நன்றி சொல்லியிருக்கும் வரியைக் காட்டினாய். அவள் வாசித்தாள், நல்லது என்றாள். அப்பாவுக்கு வாய் துடைத்துவிட்டு எழுந்துபோய், மிச்ச நண்டுக் கறியை உன் பயணத்துக்குப் பெட்டியில் போடத் தொடங்கினாள். ஒரு பெட்டிக்கு இரண்டு பை சுற்றினாள், பேருந்தில் ஒழுகிவிடும் என்று. நீ இன்னொரு படத்தை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் அதைப் பார்க்கவில்லை.

கோபித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கணக்கில் பிழை இல்லை. நீ லொக் என்று சொல்வதை நாங்கள் மடக்கை என்று படித்தோம். உயர்தரத்தில் கணிதம் எடுத்தவள் நான், மடக்கை அட்டவணை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பூச்சியத்துக்கு மடக்கை இல்லை. அதை நீயும் மாற்ற முடியாது, உன் பேராசிரியரும் மாற்ற முடியாது. நீ அந்தத் தாள்களை ஒளிக்கவும் இல்லை. கணக்கிலிருந்து விழுந்தவை எத்தனை என்று அடிக்குறிப்பில் நேர்மையாக எழுதியிருக்கிறாய். நீ போன பிறகு அதைத் தேடி வாசித்தேன். நாங்கள் போன வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். விழுந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். கர்க்லாண்டில் குழந்தையோடு நின்ற பிள்ளையும் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும்.

நான் விழவில்லை, கவனித்தாயா? முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஆறு மணிக்கு நிற்கிறவள் என்பதால் எனக்கு ஒரு புள்ளி உண்டு. அப்பாவை யாரிடம் விட்டுவிட்டு ஆறு மணிக்கு நான் அங்கே நின்றேன்? ஒருவரின் தாள் இன்னொருவரின் தாளைச் சார்ந்து அதில் தங்கியிருக்கக் கூடாது, தங்கியிருந்தால் கணக்கு ஆட்டம் கண்டுவிடும் என்று நீயே ஒருநாள் சொன்னாய். என் புள்ளி முழுக்க முழுக்க அக்கா மேல்தான் நிற்கிறது. இந்த வருடம் யாராவது உனக்கு ஒரு தாள் நீட்டினால் உன் புள்ளியும் அங்கேதான் நிற்கும்.

பிரெஞ்சை எடுத்துக்கொள். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவருக்கு வருமானம் கூடுகிறது என்பது உன் முடிவுகளில் ஒன்று. இரண்டு மொழியும் தெரிந்ததால்தான் ஒட்டாவாவில் உன்னை எடுத்தார்கள் என்று நீயே சொன்னாய். அந்தப் பிரெஞ்சு உனக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு அன்றும் இன்றும் பொஞ்சூர், மெர்சி இரண்டும்தான். நாங்கள் கோட்-டெ-நெய்ஜில் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ கைக்குழந்தை, அக்காவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் புரியாமல் அழுதழுது பழகிய மொழி அது. பழகியதும் எங்கள் வீட்டுக்கே அவள் வாயாகிவிட்டாள். வீட்டுக்காரனோடு சண்டை பிடிக்கவும் அவள்தான், உன் தடுப்பூசிக்குத் தாதியோடு கதைக்கவும் அவள்தான். நீ வளர்ந்ததும் மூலையில் இருக்கிற தெப்பனர் கடைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய், பிரெஞ்சில் கேட்டால்தான் பால் என்று வாசலில் நின்றுகொள்வாள். நீ கடைக்காரனைப் பார்த்து விழிப்பாய், அவள் உதவிக்கு வர மாட்டாள். ஒருநாள் பாலும் வாங்கி, உனக்கு ஒரு சொக்கிலேற்றும் கேட்டு வாங்கிவந்தாய். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் உனக்கு இல்லை.

பெண் என்ற வரிக்கு எதிரே நீ ஒரு கழித்தல் குறி போட்டிருக்கிறாய். படிப்பு ஒன்று, வயது ஒன்று, மொழி ஒன்று என்றாலும் பெண்ணுக்கு வருமானம் குறைகிறது என்று. காரணம் என்ன என்று நிறையத் தேடியிருக்கிறாய், வேலை நேரம், வேலையின் வகை என்று. தேடல் நல்லது. ஆனால் அந்தக் கழித்தல் குறியில் ஒரு பங்கு நான் போட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து விடப் போகும் நாள், பகலில் அவரோடு ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அந்த நடைபாதையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அக்காவுக்கு மருந்துக் கடையில் நல்ல வேலை இருந்தது, உனக்கு வகுப்பு இருந்தது. டொக்டர் சொன்னதை அவள்தான் மொழிபெயர்த்தாள். சொல்லி முடித்ததும் நான் அவளைப் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் தலையாட்டினாள், அடுத்த கிழமை வேலையை விட்டாள். உன்னை யாரும் கேட்காதபோது நீ எப்படி மறுத்திருக்க முடியும், எப்படிச் சம்மதித்திருக்க முடியும்? அதனால் உன்னில் பழி இல்லை.

அதன் பிறகு இந்த வீட்டில் பகல் எப்படிப் போனது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ நூலகத்துக்குப் போய் இருட்டிய பிறகு வருவாய். அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா கிழமைக்கு ஒரு தடவை வந்து அப்பாவைக் குளிக்க வார்த்துவிட்டுப் போவார். மற்ற எல்லாம் அக்கா. மருந்து, உடற்பயிற்சி, சாப்பாடு, ஹொக்கி ஆட்டத்தில் யார் அடித்தது என்று அவருக்கு விளங்கும்வரை திருப்பித் திருப்பிச் சொல்வது. கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். இதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பா இந்த நகரத்துத் தெருவெல்லாம் டாக்ஸி ஓட்டியவர், யாரிடமும் கைநீட்டாதவர். பெற்ற மகள் தன் உடுப்பை அவிழ்த்துவிடுவதை அவரால் தாங்க முடியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்தது கிடையாது. நீ வரும் நேரம் தெரிந்தால் அவர் அடக்கிக்கொண்டே இருப்பார். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் "தம்பி, தம்பி" என்று அவசரப்படுவாரே, உன்னைக் கண்ட சந்தோஷம் என்றுதான் நினைத்திருப்பாய். சந்தோஷமும்தான்.

நீ போன பிறகு அந்த அவசரம் இல்லை. கதவுச் சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பார். நான் என்று கண்டால் திரும்பிக்கொள்வார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும்.

இனித்தான் சொல்ல வந்த விஷயம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தாதிமார் செய்வதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டுக் கேட்டுத் தானும் பழகினாள். கோடையில் தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். காத்திருப்போர் வரிசையில்தான் பெயர் இருந்தது. போன கிழமை இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. தை மாதம் வகுப்புத் தொடங்குகிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். அதைப் படித்த நேரம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அடுத்த நாள் லீக்ஸ் வெட்டிக்கொண்டே, "இந்த முறை ஏலாது எண்டு எழுதப்போறன் அம்மா, அடுத்த வருசம் பாப்பம்" என்றாள். ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் விடவில்லை. இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். நான் வேலையைச் சனி ஞாயிறு முழுநாளுக்கும் கிழமையில் இரண்டு மாலைக்கும் மாற்றிக்கொண்டால், கிழமைப் பகல் முழுக்க அப்பாவோடு நிற்கலாம், அவள் வகுப்புக்குப் போகலாம். மாலையில் நான் வேலைக்குப் போகும்போது அவள் வந்துவிடுவாள். சமையலறை மேற்பார்வையாளர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். பழைய மருந்துக் கடையில் சனி ஞாயிறு அவளைத் திரும்ப எடுக்கவும் தயார், அது இருந்தால்தான் படிப்புச் செலவைச் சமாளிக்கலாம். எல்லாம் பொருந்தி வந்தது. சனி ஞாயிறு பகலுக்குத்தான் அப்பாவோடு நிற்க ஆள் இல்லை. தம்பியைக் கேட்போமே என்றேன்.

"வேண்டாம் அம்மா. அவன் இப்பத்தான் துவங்கியிருக்கிறான். அவனுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று பின்னேரமே உனக்குத் தொலைபேசி எடுத்தேன், அதுதான் நீ பேருந்தில் நின்ற நாள். அடுத்தது வியாழன், நீ அலுவலகத்தில் நின்ற நாள்.

நேற்று வெள்ளி. காலைத் தேத்தண்ணியோடு அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேசையில் வந்து இருந்தாள், இல்லை என்று எழுத. பிரெஞ்சில் மரியாதையாக எழுத வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதினாள். நான் அடுப்படியில் நின்றேன். வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"நான் தம்பியோடை கதைச்சிட்டன். சனி ஞாயிறு தான் வாறன் எண்டவன்."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். உண்மையாகவோ என்று கேட்டாள். ஓம் என்றேன். நீங்கள் கெஞ்சினீங்களோ என்று கேட்டாள். இல்லை, கேட்டேன், உடனே ஓம் என்றவன் என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இடம் கிடைத்த அன்று அவள் அழவில்லை, சிரித்தாள். நீ ஓம் என்று சொன்னாய் என்பதற்குத்தான் அழுதாள். உள்ளேயிருந்து அப்பா என்ன, என்ன என்று சத்தம் போட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவரிடம் சொன்னாள், நான் படிக்கப் போறன், தம்பி ஒவ்வொரு கிழமையும் வாறானாம் என்று. அப்பா அவள் கையைப் பிடித்து ஆட்டினார். பிறகு அவள் திரும்பி வந்து, எழுதியதை அழித்துவிட்டு ஓம் என்று அனுப்பினாள்.

இவ்வளவுதான் நடந்தது. உன்னைப் பெற்றவள் என்ற உரிமையில் உன் வாயிலிருந்து ஒரு ஓமை நானாகவே எடுத்துக்கொண்டேன். அது பொய்தான். உன்னை முதலில் கேட்டிருக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். வெள்ளி வேலை முடிந்து ஒட்டாவாவிலிருந்து பேருந்து எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம், ஞாயிறு மாலை திரும்பலாம். அவளுடைய படிப்பு முடியும்வரை இது. உன் நண்பர்கள் மலையேறப் போகும் சனிக்கிழமைகளில் நீ அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருப்பாய். பனிக்காலத்தில் பேருந்து தாமதிக்கும், உனக்குச் சலிக்கும், சில வாரம் என்னைத் திட்டிக்கொண்டே வருவாய். திட்டு, ஆனால் வா. அப்பாவை எழுப்பும்போது வலது பக்கம் நின்று இடுப்புப் பட்டியைப் பிடி, கையை இழுக்காதே. அவர் சாப்பிடும்போது கதைக்காதே, புரையேறும். மிச்சத்தை அக்கா சொல்லித் தருவாள்.

ஏலாது என்றால் அதையும் உன் வாயாலேயே அவளிடம் சொல். நான் இன்னொரு தடவை உனக்காக எதுவும் சொல்ல மாட்டேன்.

நாளை ஞாயிறு. பின்னேரம் அப்பாவைத் தூங்க வைத்துவிட்டு அக்கா உனக்குத் தொலைபேசி எடுப்பாள், நன்றி சொல்ல. அதற்கு முன் இதை வாசித்து முடி.

அம்மா